சேவல் கேட்க வேண்டாம்

ட்ரோன்ஹைம்,
4 ஆகஸ்ட் 1974

அன்புள்ள ராக்னா அக்காவுக்கு,

தம்பி எட்வின். இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

ஆபரேஷன் முடிந்துவிட்டது. எலும்புக்குள் ஆணி வைத்திருக்கிறார்கள். டாக்டர், "ஈஸ்டர் வரைக்கும் இங்கதான் இருக்கணும்" என்றார். "தீவன மூட்டை ஏத்துற ஏணியில வழுக்குனதுக்கு எட்டு மாசமா?" என்று கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் கொர்னேலியுஸ் என்று ஒரு கிழட்டு மீன்காரர் இருக்கிறார். "கடல்ல விழுந்திருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்" என்கிறார். இங்கே கிடைக்கும் ஆறுதல் இந்தத் தரத்தில்தான் இருக்கிறது.

கடையைப் பூட்டியாகிவிட்டது. அது எங்கேயும் ஓடிவிடாது. கோழிகள் அப்படியல்ல. இருபத்தொரு பெட்டை, ஒரு சேவல். நீ ஆற்றைத் தாண்டி வந்து என் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறேன் என்றதால்தான் நான் நிம்மதியாகப் படுத்திருக்கிறேன். இருபத்திரண்டும் போனால் இந்த வம்சம் போயிற்று. இருட்டைக் காட்டியதும் முந்தி இறகைக் கொட்டிக் குளிருக்குள் புது இறகு மூடிக்கொள்ளும் இனம் வேறெங்கும் கிடையாது.

செய்ய வேண்டியது இதுதான். நம் பக்கத்துக் கோடைவெயில் கோழியை ஏமாற்றிவிடும். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சமிருந்தால் அது முட்டை போட்டுக்கொண்டே இருக்கும். பிறகு நவம்பரில் ஒரேயடியாக இறகைக் கொட்டிவிட்டு மைனஸ் முப்பதில் சட்டையில்லாமல் நிற்கும். அதனால் மாலை ஆறு மணிக்கு இரண்டு ஜன்னலிலும் சாக்கைக் கட்டு. காலை எட்டுக்கு முன்னால் எடுக்காதே. ஜூலை இருபதிலேயே கட்டியிருக்க வேண்டியது, நான் விழுந்ததில் தள்ளிப்போயிற்று. பத்து நாளைக்குக் கோதுமை வேண்டாம், வெறும் ஓட்ஸ். முட்டை நிற்கும், கழுத்திலிருந்து கொட்ட ஆரம்பிக்கும். ஆரம்பித்ததும் மீன்தூளைக் கைநிறையக் கொடு. செப்டம்பர் முடிவதற்குள் எல்லாம் புதுச்சட்டை போட்டுவிடும். மின்விளக்கைப் புத்தாண்டு வரை தொடாதே.

உதிர்ந்த இறகைக் கூட்டி மாடியிலுள்ள பழைய மூட்டைகளோடு போட்டுவிடு. பூச்சி வராமலிருக்க அவற்றில் ஜூனிபர் கிளை செருகி வைத்திருக்கிறேன்.

சேவல் வழக்கம்போலத் தனிக்கூண்டில் இருக்கட்டும். யாராவது சேவல் கேட்டு எழுதினால் மேசை இழுப்பறையில் அச்சடித்த அட்டை இருக்கிறது: "பெட்டைக் கோழி மட்டும். சேவல் கேட்க வேண்டாம். எட்வின்." அதில் ஒன்றை உறையில் போட்டு அனுப்பிவிடு. பாதிரியாருக்கே அதைத்தான் அனுப்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தம்பி,
எட்வின்


ஃபோஸ்மோ,
15 ஆகஸ்ட் 1974

தம்பி எட்வினுக்கு,

முட்டி வலிக்கத்தான் செய்கிறது, இருக்கட்டும். உனக்கு ராத்திரியில் தூக்கம் வருகிறதா?

எழுதியதைப் படித்தேன். சாக்கு இரண்டும் ஜன்னலில் இருக்கின்றன. கழுத்தில் ஆரம்பித்துவிட்டது. தரையெல்லாம் இறகு.

சேவல் தனியாகக் கிடந்து நாள் முழுக்கக் கத்துகிறது.

வியாழக்கிழமைத் தையல் கூட்டத்தை இங்கேயே வைத்துக்கொள்கிறேன். ஏழு பேர், உனக்கு எல்லாரையும் தெரியும். போர்க்னி வாசலில் நின்றுகொண்டு, "எட்வின் வீட்டுக்குள்ள ஊசி நூல் கொண்டு போலாமா? இல்ல அதுக்கும் ஒரு அட்டை அனுப்புவானா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

கீரைப்பாத்தியில் நத்தை. நன்றாகச் சாப்பிடு.

ராக்னா


ட்ரோன்ஹைம்,
25 ஆகஸ்ட் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள நேற்று நாலு எட்டு வைத்தேன். கடிதம் படித்த சந்தோஷத்தில் ஐந்தாவதும் வைத்திருப்பேன், நர்ஸ் விடவில்லை. உன் முட்டிக்கு ஏதாவது தைலம் தேய்க்கிறாயா?

சாக்கு கட்டிப் பத்து நாளுக்குள்ளேயே கழுத்து என்றால் போன வருஷத்தைவிட மூன்று நாள் முந்தி. நீ கைராசிக்காரி. கழுத்துக்குப் பிறகு மார்பு, முதுகு, வால், கடைசியில் சிறகு. ஒரு உதவி செய். வாலில் ஒன்று, சிறகில் ஒன்று எடுத்துக் கடிதத்தோடு வைத்து அனுப்பு. காம்பைப் பார்த்தாலே கோழி எப்படியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். படுத்த இடத்தில் எனக்கும் ஒரு வேலை வேண்டுமே.

சேவல் கத்தினால் கத்தட்டும். ஏப்ரலில் மூன்று வாரம்தான் அதற்குக் கல்யாணம், மீதி நாள் சந்நியாசம். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. என் சேவலும் என் பெட்டையும் ஒரே வீட்டில் சேர்ந்தால் அடுத்த வருஷம் அந்த வீட்டுக்காரர் என்னிடம் வரமாட்டார். பெட்டையை மட்டும் கொடுத்தால் அவர்கள் ஊர்ச்சேவலோடு சேர்ப்பார்கள். பேரன் தலைமுறையில் பழையபடி நவம்பரில்தான் கொட்டும். திரும்ப வந்துதானே ஆகவேண்டும். பள்ளத்தாக்கு முழுக்க எட்வின் கோழி என்று பெயர் நிற்பது இப்படித்தான்.

போர்க்னியிடம் சொல், ஊசிக்கு அட்டை கிடையாது, உள்ளே வரலாம்.

எட்வின்


ஃபோஸ்மோ,
6 அக்டோபர் 1974

தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உருளைக்கிழங்கு எடுத்தோம், பிறகு காட்டுப்பழம், பிறகு போர்க்னியின் கணவன் பெடர் ஒரு கடமான் சுட்டான், அதை வெட்டி உப்புப்போட எல்லாரும் போனோம். உன் இடுப்பு எப்படி? ஊன்றுகோல் கொடுத்துவிட்டார்களா?

கேட்ட இறகுகளை வைத்திருக்கிறேன். எல்லாம் புதுச்சட்டை போட்டாயிற்று. முட்டை இல்லை.

மலைமேல் பனி விழுந்திருக்கிறது. கீழே இன்னும் வரவில்லை. உனக்குக் காலுறை பின்னுகிறேன். இரண்டு கால் அளவும் இன்னும் ஒன்றுதானா, கேட்டு எழுது.

ராக்னா


ட்ரோன்ஹைம்,
14 அக்டோபர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். வலதுகால் ஒரு விரல்கடை குட்டை என்கிறார்கள். காலுறைக்கு அது தெரியாது, ஒரே அளவில் பின்னு.

இறகு வந்தது. வால் ஒன்று, சிறகு ஒன்று. உறையைப் பிரித்ததும் நல்ல வாசனை. கொர்னேலியுஸ்கூட மூக்கை நீட்டி, "என்னய்யா, பொண்ணு யாராவது எழுதியிருக்கா?" என்றார். "இல்ல, ஜூனிபர் வாசனை" என்றேன்.

கொட்டகையில் ஜூனிபர் கிடையாது.

காம்பு நன்றாகக் காய்ந்திருந்தது, ஒரு வருஷம் காய்ந்ததுபோல. மாடியறை ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறாயா? மழைச்சாரல் அடித்தால் பழைய மூட்டைகள் நனைந்துவிடும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

முட்டை எந்தத் தேதியில் நின்றது என்று நீ எழுதவில்லை. நினைவிருந்தால் எழுது. இல்லாவிட்டால் பரவாயில்லை.

எட்வின்


ஃபோஸ்மோ,
2 நவம்பர் 1974

தம்பிக்கு,

இங்கே நலம். உனக்குக் கால் குட்டையாகிப்போனது கேட்டு வருத்தம்.

மாடி ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது. இறகைத் தபாலில் போடும்வரை அங்கே மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், வாசனை ஏறியிருக்கும். தேதி நினைவில்லை.

ஆறு ஓரத்தில் உறைய ஆரம்பித்திருக்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். காலுறை தனிப்பொட்டலமாக வருகிறது.

ராக்னா


ட்ரோன்ஹைம்,
20 நவம்பர் 1974

ராக்னாவுக்கு,

காலுறை கிடைத்தது, அளவு சரி. உடம்பு பரவாயில்லை. நீ நலமாயிருக்க வேண்டும்.

நேற்று பெடர் வந்திருந்தான். பால்லாரிக்கு கியர்பெட்டி வாங்க வந்தவன், என்னையும் எட்டிப்பார்த்தான். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கக்கா பயங்கர சுறுசுறுப்புப்பா. காலைல அஞ்சு மணிக்கு நான் பால்கேன் ஏத்திட்டு வர்றப்பவே உன் கொட்டகை சர்ச்சு மாதிரி ஜகஜோதியா எரியுது."

"எந்தக் கொட்டகை?"

"உனக்கு எத்தன கொட்டகை இருக்கு?"

"எப்ப இருந்து எரியுது?"

"நான் என்ன மீட்டர் பாக்குற ஆளா? செப்டம்பர்லயே எரிஞ்சுது. போன வாரம் போர்க்னி ஆறு முட்டை உடைச்சு கேக் போட்டா. நவம்பர்ல ஆறு முட்டை, நெனச்சுப் பாரு. எல்லாம் உன் கோழியோட புண்ணியம்."

அவன் போன பிறகு கொர்னேலியுஸ், "உன் மூஞ்சியப் பாத்தா இன்னொரு இடுப்பும் போன மாதிரி இருக்கு" என்றார்.

பதினாலு வயதில் சறுக்குவண்டியில் முட்டைக்கூடை வைத்து வீடுவீடாக விற்கப் போனவன் நான். எடையில் ஏமாற்றியிருக்கிறார்கள், தரத்தில் ஏமாற்றியிருக்கிறார்கள். அவர்களையெல்லாம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தேன். உன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

நான் கேள்வி கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கேயோ ஒரு கொட்டகையில் இத்தனை மாதமும் விளக்கு எரிந்திருந்தால், அங்குள்ள கோழிகள் இன்னும் பழைய சட்டையோடுதான் இருக்கும். இப்போது விளக்கை அணைக்கவே கூடாது. அணைத்தால் பத்தே நாளில் கொட்ட ஆரம்பிக்கும், ஜனவரிக் குளிரில் அம்மணமாக நிற்கும். மார்ச் முடியும்வரை காலை ஐந்திலிருந்து ராத்திரி ஏழுவரை எரிய வேண்டும். பல்பு போனால் கடைக் கதவுக்குப் பின்னாலுள்ள பெட்டியில் வேறு இருக்கிறது.

எட்வின்

3 டிசம்பர்: மேலே உள்ளதை எழுதியும் தபாலில் போடவில்லை. முதல் வார்த்தை உன்னிடமிருந்து வரட்டும் என்று பதின்மூன்று நாள் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். வரவில்லை. இன்று போடுகிறேன்.


ஃபோஸ்மோ,
12 ஜனவரி 1975

எட்வினுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ உட்கார்ந்து படி.

உன் கடிதம் டிசம்பர் பதினாலாம் தேதிதான் வந்தது. பனிப்புயலில் பஸ் ஒரு வாரம் ஓடவில்லை.

பெடர் அங்கிருந்து திரும்பியதும் என்னிடம் சொன்னான். "எட்வினப் பாத்தேன். கொட்டகை எரியுதுன்னு சொன்னேன், மூஞ்சி சுண்டிப்போச்சு. சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான். "சொன்னா என்ன" என்றேன். உன் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். திட்டி எழுதுவாய், பதில் எழுதலாம் என்றிருந்தேன். வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெண்டின் முதல் ஞாயிறு, டிசம்பர் ஒன்றாம் தேதி, எல்லா வீட்டு ஜன்னலிலும் நட்சத்திர விளக்கு ஏற்றிய அன்று, நான் கொட்டகை விளக்கை அணைத்தேன். இன்னும் யாராவது பார்த்து உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான். நான் எழுதிய பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்றும் நினைத்தேன். எத்தனை நாளில் கொட்டும் என்று எனக்குத் தெரியும். குளிர் எவ்வளவு வரும் என்றுதான் தெரியவில்லை.

கடிதம் வந்த அன்றே திரும்ப ஏற்றினேன். அதற்குள் கழுத்தெல்லாம் வெறுமையாகிவிட்டது. விளக்கு அதை நிறுத்தவில்லை. கிறிஸ்துமஸுக்குள் முதுகும் மார்பும் போயிற்று. குருத்திறகு முள்முள்ளாக நின்றது, உள்ளே ரத்தம். கையில் எடுத்தால் வலியில் சுருங்கின. மீன்தூள் கொடுத்தேன். வைக்கோலை முழங்கால் உயரத்துக்குப் போட்டேன். வீட்டுச்சூட்டில் வைத்துவிட்டால் திரும்ப வெளியே விட முடியாது என்று நீதான் சொல்வாய், அதனால் உள்ளே தூக்கி வரவில்லை. ஜனவரி ஆறாம் தேதி மைனஸ் முப்பத்துநாலு. அன்று காலைக்குள் ஒன்பது பெட்டை செத்துவிட்டன. சேவல் பரணுக்கு அடியில் கிடந்தது, கொண்டை கரியாகியிருந்தது.

மீதிப் பன்னிரண்டும் இப்போது உன் சமையலறையில் இருக்கின்றன. உன் நாற்காலியின் கீழ் மூன்று.

கோழிகளுக்காக அழுதேன். மாத்திரையை வேளைக்குச் சாப்பிடு.

ராக்னா


ட்ரோன்ஹைம்,
19 ஜனவரி 1975

ராக்னாவுக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன்.

இருபத்தைந்து வருஷம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் எது முதலில் கொட்டுகிறது, எது முதலில் மூடுகிறது என்று காலில் நூல் கட்டிக் கட்டிப் பொறுக்கி எடுத்தது. பெட்டை பன்னிரண்டு மிஞ்சி என்ன, சேவல் இல்லை. இனி அவற்றுக்குப் பிறப்பது எல்லாம் ஊர்க்கோழிதான்.

பதின்மூன்று நாள் கடிதத்தை வைத்துக்கொண்டிருந்தது என் வீம்பு, ஒப்புக்கொள்கிறேன். அது இல்லாவிட்டால் கடிதம் புயலுக்கு முன்னால், நீ அணைப்பதற்கு முன்னால் வந்திருக்கும். ஆனால் அந்த விளக்கை முதலில் ஏற்றியது நான் இல்லை. அடுத்தவன் ஒருவன் செய்திருந்தால் எனக்குப் புரியும், கிறிஸ்துமஸ் முட்டைக்கு ஆசைப்பட்டான் என்று போய்விடுவேன். நீ வாழ்க்கையில் ஒரு முட்டை விற்றதில்லை. உனக்கு எதற்கு முட்டை? யாருக்காகச் செய்தாய்? அந்த வீட்டுச் சாவியை நம்பிக் கொடுக்க எனக்கு உலகத்தில் நீ ஒருத்திதான் இருந்தாய்.

பதில் எழுது. இந்த முறை தேதியை மறக்காமல் எழுது.

எட்வின்


ஃபோஸ்மோ,
2 மார்ச் 1975

எட்வினுக்கு,

சூரியன் திரும்பிவிட்டது. மதியத்தில் உன் சமையலறை மேசைவரை வருகிறது. பன்னிரண்டுக்கும் புது இறகு மூடிவிட்டது. பகலில் கொட்டகைக்கு விட்டுப் பழக்குகிறேன். உன் நடை எப்படி?

தேதி கேட்டாய், எழுதுகிறேன்.

1944 நவம்பர் பதினொன்று. ஜெர்மன் பட்டாளம் நம் ஊரைக் கொளுத்தியது, நம்மைப் படகில் ஏற்றினார்கள். எனக்கு இருபது வயது, உனக்குப் பதினாலு. நான் கோட்டுக்குள் மூன்று கோழி வைத்திருந்தேன். படகுக்காரன், "அந்தக் கோழியத் தூக்கிக் கடல்ல போடும்மா, ஆளுக்கே எடமில்ல" என்றான். "எந்தக் கோழி?" என்று கேட்டுக்கொண்டே பொத்தானைப் போட்டேன். நீ வாந்தியெடுத்துவிட்டு என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். இரண்டு கோழிக்கு அப்போதுதான் இறகு கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் ராத்திரிக்குள் விறைத்துவிட்டன. மூன்றாவது ஆகஸ்டிலேயே கொட்டி முடித்துப் புதுச்சட்டை போட்டிருந்தது. அது மட்டும் பிழைத்தது. முன்னால் கொட்டுவதுதான் பிழைக்கும் என்று முதலில் கண்டது என் வயிற்றுச்சூடு, உன் நூல் இல்லை.

இங்கே வந்து பண்ணைக்காரர் சேவலோடு சேர்த்து, அடை வைத்து, அதில் முந்திக் கொட்டுவதைப் பார்த்துப் பார்த்து எடுத்து, ஐந்து வருஷத்தில் பதினெட்டாக்கினேன். 1949 செப்டம்பரில் மீன் டப்பாத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். போகும்போது உன்னிடம், "பாத்துக்கோடா" என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன். 1951-ல் திரும்பி வந்தபோது சாலையோரம் பலகை நின்றது, எட்வின் கோழிகள் என்று. எனக்கு நாலு பெட்டை கொடுத்தாய். "சேவல்?" என்றேன். நீ சிரித்தாய். எல்லாரும் இருந்தார்கள், நானும் சிரித்தேன். 1958-ல் எழுதிக் கேட்டேன். நீ எனக்கும் அட்டை அனுப்பினாய்.

நம்பிச் சாவி கொடுத்தாய், நான் இப்படிச் செய்யலாமா என்கிறாய். நானும் உன்னிடம் பார்த்துக்கொள்ளத்தான் விட்டுப்போனேன்.

இனி யாருக்காக என்று சொல்கிறேன். உன் சேவல் பெட்டையோடு சேர்வது ஏப்ரலில் மூன்று வாரம், அப்போது நீ காவலிருப்பாய். நீ இல்லாத மாதங்கள் ஆகஸ்டிலிருந்துதான். சாக்கைக் கட்டினால் முட்டை நிற்கும். அதனால் கட்டவில்லை, சுருட்டி ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். ஆகஸ்டு இருபதாம் தேதி சேவலைத் திறந்துவிட்டேன். இருட்ட ஆரம்பித்ததும் விளக்கு. தையல் கூட்டத்து ஏழு பேரும் வியாழக்கிழமைதோறும் பைக்குள் முட்டை கொண்டுபோய் அவரவர் அடைக்கோழியில் வைத்தார்கள். வெளிச்சத்தில் பார்த்துக் கரு இல்லை என்று கழித்ததில்தான் போர்க்னி கேக் போட்டாள். பெடருக்கு ஒன்றும் தெரியாது, சமையலறையில் குஞ்சு கத்தினால் அவன் தன் காதைத்தான் சந்தேகப்படுவான்.

குஞ்சுகள் அடுப்போரம் வளர்ந்துவிட்டன. ஏழு வீடு, ஒவ்வொன்றிலும் பெட்டைகளும் ஒரு சேவலும். அதற்காக ஒரு காசுகூட யாரும் எனக்குத் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை.

ஜனவரியில் செத்த ஒன்பதும் என் கணக்கு. பத்தாவது அந்தச் சேவல். அவற்றிடம் மட்டும் நான் தப்புப் பண்ணினேன்.

நீ வருவதற்கு முன்னால் என் வீட்டுக்குப் போய்விடுவேன். சாவி மீன்தூள் பீப்பாய்க்கு அடியில்.

ராக்னா


ஃபோஸ்மோ,
20 ஏப்ரல் 1975

அக்காவுக்கு,

வந்து ஐந்து நாள் ஆகிறது. ஊன்றுகோலோடு நடக்கிறேன். நீ சுகமா? உன் புகைபோக்கியில் புகை தெரிவதை வைத்து எழுந்துவிட்டாய் என்று தெரிந்துகொள்கிறேன். ஆற்றுப்பனி வெடித்துவிட்டது, நடக்கவும் முடியாது, படகும் போகாது. பாலத்தைச் சுற்றி வருவதற்கு இந்த இடுப்பு ஒத்துக்கொள்ளாது. அதனால் ஆற்றுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குத் தபால்.

வீடு சுத்தமாக இருந்தது. என் நாற்காலிக்கு அடியில் ஒரு எச்சம்கூட இல்லை.

பன்னிரண்டும் முட்டை போடுகின்றன. நேற்று எல்லாவற்றையும் விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். கரு இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன். தண்ணீர்போலத் தெளிவாக இருந்தன.

காலையில் காபியோடு வாசலில் நின்றேன். என் கொட்டகையில் சத்தமில்லை. ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒன்று கூவியது. பிறகு மேட்டுவீட்டில் ஒன்று. பிறகு பெடர் வீட்டுப் பக்கம். எண்ணினேன், ஏழு. பாதி உடைந்த இளங்குரல்தான். ஆனால் கடைசியில் இழுக்கும் இழுப்பு என் சேவலுடையது, எனக்குத் தெரியாதா?

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். படகு எனக்கு நினைவில்லை. உன் கோட்டின் பொத்தான் கன்னத்தில் அழுத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அதற்குள்ளே கோழி இருந்தது தெரியாது. பலகை விஷயம் தெரியும். அப்போதே தெரியும். நீ சிரித்ததால் உனக்குப் பெரிதில்லை என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று எழுத நினைத்தேன், எழுதவில்லை. கொடுத்திருக்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு சேவல் வேண்டும். எந்த வீட்டிலிருந்தாவது ஒன்று. போர்க்னியிடம் பெடர் மூலம் கேட்டேன், "ராக்னாவக் கேக்கச் சொல்லு" என்றாளாம். அதனால் உன்னைக் கேட்கிறேன். நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. பதிலுக்கு என்ன வேண்டும் என்று எழுது.

முட்டியில் ஈரக்காற்று படாமல் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
எட்வின்


ஃபோஸ்மோ, கிழக்குக் கரை,
27 ஏப்ரல் 1975

தம்பிக்கு,

சுகம். நீ வாசலில் நிற்பது இங்கிருந்து தெரிகிறது. தொப்பி போட்டுக்கொண்டு நில்.

வியாழக்கிழமை ஏழு பேரும் என் வீட்டில் கூடினோம். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. போர்க்னி, "பாவம், கேட்டுட்டான்ல" என்றாள். மேட்டுவீட்டுக்காரி, "நாங்களும்தான் கேட்டோம்" என்றாள். கடைசியில் என்னையே எழுதச் சொன்னார்கள்.

புதிதாக ஒன்று அச்சடிக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. இத்தோடு வைத்திருக்கும் அட்டை உனக்குத் தெரிந்ததுதான், 1958-ல் நீ எனக்கு அனுப்பியது. ஓரத்திலுள்ள காபிக்கறை என்னுடையது. கீழே உன் பெயரை மட்டும் கோடு போட்டு அடித்திருக்கிறேன். மற்றபடி ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

பெட்டை எத்தனை வேண்டும் என்று எழுது. நல்லதாகப் பார்த்துத் தருவார்கள்.

வாசற்படியில் பகலில் உருகுவது ராத்திரியில் உறைந்துவிடுகிறது. ஊன்றுகோலுக்கு இரும்பு முனை போட்டுக்கொள்.

ராக்னா